போட்டிக்குப் போகும் படங்கள்

கலைத் திருவிழா சுற்றறிக்கை வந்ததும் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி, "யாரை அனுப்பலாம்?" ஓவியத்தைப் பொறுத்தவரை அது தலைகீழான கேள்வி என்பது என் கட்சி. எந்தப் படத்தை அனுப்பலாம் என்று முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை தானாகத் தெரியும்.

எல்லாப் பள்ளியிலும் "நல்லா வரையுற பொண்ணு" என்று பெயரெடுத்த ஒருத்தி இருப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் போட்டிக்கும் அவளேதான் போய்க்கொண்டிருப்பாள். அவள் படம் சுத்தமாக இருக்கும், கோடு நடுங்காது, வண்ணம் வெளியே வழியாது. ஆனால் அது எங்கேயோ ஏற்கெனவே பார்த்த படமாக இருக்கும். அதே வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருவன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் லாரி லாரியாகக் கிறுக்கிக்கொண்டிருப்பான். அவனிடம் யாரும் கேட்பதில்லை.

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரம் மூன்று அரை நாள் என்ற கணக்கில் எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சம்பளக் கதையை இங்கே ஆரம்பித்தால் முடியாது, விடுங்கள். ஆரம்பாக்கம் பக்கத்துப் பள்ளிக்கு ரயிலில் வந்து போகிறேன். கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயிலுக்குப் பஞ்சமில்லை. அதைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம் என்று போகிற வண்டியைத்தான் பார்த்துப் பிடிக்க வேண்டும். அடுத்த நிலையம் தடா, அது ஆந்திரா. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாக்கள் சிப்காட்டில் உருக்காலை, ரோலிங் மில் என்றோ, தடா தாண்டி ஸ்ரீசிட்டியிலோ வேலை பார்க்கிறார்கள். பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் இறால், நண்டுப் பிழைப்பு.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போகும். மேலே ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். வெளிநாட்டுக்கு அழைத்துப் போவார்கள் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியே "மிஸ், பாஸ்போர்ட் இப்பவே எடுத்துடவா?" என்பதுதான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் கலா உத்சவ் 2015-லிருந்து நடக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5-8, 9-12, 13-16 என்று வயது பிரித்து ஓவியப் போட்டி வைக்கிறது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் டெல்லியில் ஆரம்பித்த குழந்தைகள் ஓவியப் போட்டிக்கு 16 வயதுக்குள் இருக்கும் யாரும் படம் அனுப்பலாம். வாய்ப்புக்குக் குறைவில்லை. குறைவது நல்ல படம்தான்.

"சுற்றுச்சூழல்" என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உலக உருண்டையை இரண்டு கைகள் தாங்கும். பாதி உருண்டை பச்சை, பாதி வெடித்த நிலம். ஓரத்தில் மரம் அழும். ஒரு போட்டியில் நடுவருக்கு உதவியாக உட்கார்ந்திருந்தேன். அடுக்கிலிருந்து அவர் எடுத்த படங்களில் உருண்டைக்கு மேல் உருண்டையாக வந்தது. அவர் எதையும் சொல்லவில்லை, எடுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டே போனார். கை ஒரு படத்தில் நின்றது. தேசிய நெடுஞ்சாலையில் செக்போஸ்ட் வரிசையில் நிற்கும் லாரிக்கு அடியில் டிரைவர் துண்டு விரித்துச் சமைத்துக்கொண்டிருந்தார். சக்கரம் கோணல். ஆனாலும் கை நின்றது.

எங்கள் பிள்ளைகள் பார்க்கும் உலகம் சாதாரணமானது இல்லை. ஒரு பக்கம் புகைக்கூண்டு, மறுபக்கம் பழவேற்காடு ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் பள்ளி மைதானத்திலிருந்தே அண்ணாந்து பார்க்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு எவனோ வரைந்த பனிமலையையும் குடிசையையும் எதற்கு வரைய வேண்டும்?

எட்டாம் வகுப்பில் குப்பத்துப் பையன் ஒருவன் பூநாரை வரைந்தான். வெள்ளையாக வரைந்திருந்தான். பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் செல்போனில் பார்த்தபடி ரோஸ் கலரை அப்பியிருந்தார்கள். "ஏன்டா கலர் கொடுக்கல?" என்று கேட்டேன்.

"நின்னா வெள்ளதான் மிஸ். றெக்கய விரிச்சாதான் செகப்பு தெரியும். ஓரத்துல கறுப்பு."

அவன் சொன்னது சரி. ஏரிக்கு வருகிற பெரும் பூநாரை நிற்கும்போது வெளுப்பாகத்தான் தெரியும். சிவப்பும் கறுப்பும் சிறகுக்குள் இருக்கிறது. இன்னொன்றும் செய்திருந்தான். மேயும் பறவையின் அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டிருந்தான். பூநாரை அப்படித்தான் சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டித் தின்னும். மற்றவர்கள் வரைந்தது கழுத்து நீண்ட வாத்து. நான் அனுப்பியது இவன் படத்தை. கூட்டத்தில் ஒரே ஒரு பறவையை மட்டும் பறக்க வைத்து, அதில் மட்டும் சிவப்பைப் போட்டால் போதும் என்பதும் அவன் கண்டுபிடித்ததுதான்.

தேர்வு செய்வதற்கு எனக்கென்று ஒரு வழி உண்டு. வந்த படங்களையெல்லாம் தாழ்வாரச் சுவரில், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு, ஒரு வாரம் ஒட்டி வைத்துவிடுவேன். பெயர் இருக்காது. இடைவேளையில் எந்தப் படத்துக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். சத்துணவு அக்கா சொல்லும் கருத்தை நான் மிகவும் மதிக்கிறேன். "இது எங்க ஊட்டு சந்து மாதிரியே கீதும்மா" என்று ஒரு படத்தைக் காட்டினார் என்றால் அது இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது, படத்தில் கை வைப்பது. இதில் நான் கறார். "மிஸ், கொஞ்சம் ஷேடிங் மட்டும் போட்டுக் குடுத்துருங்களேன், நம்ம ஸ்கூல் பேரு" என்று சக ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். பெரியவர் கைபட்ட இடம் படத்தில் ஒட்டுத்துணி போலத் தனியாகத் தெரியும். நடுவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், வட்டாரத்தில் ஜெயித்த பிள்ளை மாவட்டத்தில் நாமில்லாமல் உட்கார்ந்து வரைய வேண்டும். அங்கே அவளுடைய கை வெறுங்கையாக நிற்கும்.

கை வைக்கக் கூடாது, வாயைத் திறக்கலாம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் அப்பாவை வரைந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ஃபேன் ஓடுகிறது. நல்ல படம், ஆனால் ராத்திரி போல இருந்தது. "பகல்னு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டேன். அடுத்த முறை நான் வந்தபோது ஜன்னலை மறைத்து ஒரு லுங்கி தொங்கியது. லுங்கியில் பீடி சுட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் சுவரில் ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. இதை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரு போட்டியில் அந்தப் படத்துக்கு இரண்டாமிடம்தான் கிடைத்தது. முதலிடம், சொன்னால் சிரிப்பீர்கள், உலக உருண்டைக்கு.

அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும் என்று மெரினா உழைப்பாளர் சிலையின் படத்தைக் காட்டினேன். 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்குப் பிற்காலத்தில் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவியது. நாலு பேர் பாறையைத் தள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா இவ்ளோ ஒடம்பா இருக்க மாட்டாரு மிஸ்" என்றாள். வேலை செய்கிறவர்களை வரையலாம், அது பெரிய ஓவியர்களும் செய்த விஷயம்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் பாதி வெட்கம் போய்விடும்.

இனி தாள், வண்ணச் சமாச்சாரம். கடையில் கொடுக்கும் வழவழப்பான சார்ட் அட்டையில் வாட்டர் கலர் நிற்காது, திட்டுத் திட்டாக ஓடும். கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் தாங்கும். இந்தப் போட்டிகள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே வரும். அக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கத்துக் காற்றில் போஸ்டர் கலர் சட்டென்று காயாது. ஒரு வண்ணம் காய்வதற்குள் அடுத்ததை வைத்தால் சேறு. அங்கேயே உட்கார்ந்து வரையும் போட்டிக்கு ஆயில் பேஸ்டலில் பழகிய பிள்ளைக்குப் பேஸ்டலையே கொடுத்து அனுப்புவேன். பேஸ்டல் மழையைப் பற்றிக் கவலைப்படாது. வாட்டர் கலர்தான் என்று அடம்பிடிப்பவர்கள் வானத்தை முதலில் முடித்துவிட்டு, அது காயும் நேரத்தில் கீழ்ப்பக்கம் வேலை பார்க்கப் பழக வேண்டும். கடிகாரம் வைத்துப் பழக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் பென்சிலிலேயே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள். மணி அடிக்கும்போது பாதி மனிதர்களுக்கு முகமிருக்காது.

கையோடு கொடுத்தனுப்ப வேண்டியவை: பரீட்சை அட்டை, இரண்டு கிளிப், பழைய துணி, தண்ணீருக்கு வாய் அகன்ற டப்பா. பாட்டில் மூடியில் பிரஷ்ஷைத் தோய்க்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

அனுப்பிவைக்கும் போட்டி என்றால் கதை வேறு. படத்தை நாலாக மடிக்கவே கூடாது. சுருட்டுவதென்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, பெரிய வட்டமாகச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் போஸ்டர் கலர் பொருக்குத் தட்டி உதிரும். பேஸ்டல் படத்தைச் சுருட்டவே வேண்டாம். மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக அனுப்புங்கள். உறைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் பிளாஸ்டிக் ஷீட் சுற்றி வரும் தடித்த அட்டைக் குழாய்களைத் தூக்கிப் போடுகிறார்கள். அப்பாக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் வருஷத்துக்கு வேண்டியது வந்துவிடும்.

படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். தனிச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். முன்பக்கம் பெயரைப் போடச் சொன்னால் ஒழியப் போட வேண்டாம். பெயர் தெரியக் கூடாது என்று விதி வைத்திருக்கும் போட்டிகள் உண்டு. அனுப்புமுன் நிழலில், ஃப்ளாஷ் இல்லாமல், செல்போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பல போட்டிகளில் படம் திரும்பி வராது.

பெயர் விஷயம் எங்கள் எல்லைப்பகுதிக்கே உரிய தலைவலி. தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆதாரில் இன்ட்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முழுசாக முன்னால் இருக்கும்; பள்ளிப் பதிவேட்டில் தமிழ் வழக்கப்படி அப்பாவின் இனிஷியல் இருக்கும்; பிள்ளை தானாக எழுதும்போது மூன்றாவதாக ஒன்றை எழுதும். சான்றிதழில் எது அச்சாகிறதோ அதுதான் காலத்துக்கும். அதனால் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் இருக்கிறபடி ஒரு தாளில் எழுதி, பிள்ளை கையில் கொடுத்துவிடுவேன்.

கலா உத்சவ் போன்ற இடங்களில் நடுவர்கள் பிள்ளையிடம் பேசுவார்கள். மனப்பாடம் செய்த வாக்கியம் மூன்றாவது கேள்வியில் உடைந்துவிடும். என்ன வரைந்தாய், இந்த வண்ணம் ஏன், இதைப் பார்த்தபோது நீ எங்கே நின்றாய் என்ற மூன்றைக் கேட்டுப் பழக்குகிறேன். கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கிற பிள்ளை திணறுவதில்லை. தமிழில் தடுமாறும் பிள்ளையிடம் தெலுங்கு கலந்தே சொல் என்று சொல்லிவிடுவேன்.

மாவட்டப் போட்டிக்குத் திருவள்ளூர் போக வேண்டும். நாங்கள் இருப்பதோ மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போகலாம், இல்லையென்றால் சென்னை போய் ரயில் மாற வேண்டும். இரண்டுமே விடிகாலைப் பயணம். அம்மாக்களிடம் முந்தின வாரமே பேசி, எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவேன் என்று சொல்லிவிடுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளை யார் என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கிய உடனே வரையச் சொன்னால் கை ஓடாது. அரைமணி நேரம் முன்னதாகப் போய், இட்லி வாங்கிக் கொடுத்து, உட்கார்ந்து நாலு கோடு கிறுக்கவிட்டு அனுப்ப வேண்டும்.

பரிசு வராத படங்களை நான் மறுபடியும் தாழ்வாரத்தில் மாட்டுகிறேன், வந்தவற்றுக்குப் பக்கத்திலேயே. சில சமயம் ஆண்டுவிழாவுக்கு வரும் பெற்றோர் எது பரிசுப் படம் என்று தப்பாகக் கண்டுபிடிப்பார்கள். திருத்துவதில்லை.

கடைசியாக ஒன்று: தாளை ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள். சுற்றறிக்கை வந்த பிறகு கடைக்குப் போனால், சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் முந்திக்கொண்டிருக்கும். கடைக்காரர் அந்த வழவழப்பு சார்ட்டைத்தான் நீட்டுவார்.