ராத்திரி ஊர்வலம்: உடைக்குள்ளே கரண்ட், நடைக்குள்ளே தாளம்

கல்ச்சுரல்ஸ் நெருங்குது. எல்இடி டான்ஸ், லைட் ஷோ, ராத்திரி ஊர்வலம்னு ஐடியா எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஓடிக்கிட்டு இருக்கும். தீம் பார்க்கில் ராத்திரி நடக்கும் பரேடு வீடியோவைப் பார்த்துட்டு "நாமளும் இப்படிப் பண்ணலாம்"னு ஒருத்தராவது சொல்லியிருப்பாங்க. பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை உட்கார்ந்து படிச்சிடலாம்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்குவோம். கொல்லிமலையில் வருஷா வருஷம் ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா நடக்குது. வில்வித்தைப் போட்டி, கலை நிகழ்ச்சின்னு செம்மேடு களைகட்டும். அந்த மாதிரி ஒரு சமயத்தில், அதே மலையில் இருக்கும் திருப்புலி நாட்டில் நாம ஒரு ராத்திரி ஊர்வலம் விடுறோம்னு வச்சுக்கோங்க. 40 பேர், இரண்டு வண்டி, வளைஞ்சு வளைஞ்சு போகும் ஒரு மலைப்பாதை. தெருவிளக்கு குறைவு. பனி இறங்கும். இதில் இசைக்கும் உடைக்கும் என்ன செய்யணும்?

1. இசை: சத்தம் நடந்து போகுமா, நின்ன இடத்தில் இருக்குமா?

காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். முதல் வண்டியில் மட்டும் பெரிய ஸ்பீக்கர் வைக்கிறோம், கடைசி வரிசை 85 மீட்டர் பின்னால் வருதுன்னு வைங்க. சத்தம் அங்கே போய்ச்சேர 85 ÷ 340 = 0.25 நொடி ஆகும். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 120 அடி என்றால், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் 0.5 நொடி. அதாவது கடைசி வரிசைக்குப் பாட்டு சரியாக அரை அடி தள்ளிக் கேட்கும். முன்னால் இருப்பவர் காலை ஊன்றும்போது பின்னால் இருப்பவர் காலைத் தூக்குவார். பயிற்சி குறைவுன்னு அவங்களைத் திட்டிப் பயன் இல்லை. இது இயற்பியல்.

நம்ம கோயில் ஊர்வலத்தில் இதுக்கு ரொம்பப் பழைய தீர்வு இருக்கு. நாதஸ்வரமும் தவிலும் சாமிக்கு முன்னாலேயே நடந்து போகும். ஒலி வரும் இடமே கூட நடப்பதால், பக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே தாளம். சாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகம், சாகித்யம் கிடையாது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரின்னு தனித்தனியா உண்டு. பழகின காதுக்கு, தெருமுனையில் சத்தம் கேட்டாலே என்ன வருதுன்னு தெரிஞ்சிடும்.

தீம் பார்க் இதே சிக்கலை வேற வழியில் தீர்த்தது. 1972 ஜூன் 17-ல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 'மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிகல் பரேடு' தொடங்கியது. அதன் அடிப்படை இசை, ஜான் ஜாக் பெர்ரியும் கெர்ஷான் கிங்ஸ்லியும் மூக் சிந்தசைசரில் 1967-ல் வெளியிட்ட 'பரோக் ஹோடவுன்'. விஷயம் இங்கேதான் இருக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் கதைக்கேற்ற தனி மெட்டு உண்டு. ஆனா எல்லா மெட்டும் அந்த ஒரே அடிப்படை இசையோடு வேகத்திலும் சுருதியிலும் பொருந்தும்படி அமைச்சாங்க. நீங்க ஓரமா நின்னு பார்க்கும்போது வண்டிகள் மாறும், மெட்டு மாறும், அடித்தளம் மட்டும் அறுபடாது. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரிச்சு, பாதையோர ஸ்பீக்கரையும் வண்டி ஸ்பீக்கரையும் ஒரே நேரக் கட்டுப்பாட்டில் ஓட்டுவது இந்த வகைப் பரேடுகளின் வழக்கம். 2014-ல் ஹாங்காங் டிஸ்னிலேண்டில் தொடங்கிய 'பெயின்ட் த நைட்' பரேடிலும் பழைய பரோக் ஹோடவுன் சாயல் கேட்கும்.

நம்ம 40 பேருக்கு இவ்வளவு தேவையில்லை. மூணு விஷயம் போதும்:

- இரண்டு வண்டியிலும் சின்ன ஸ்பீக்கர். ஒரு பெரிய ஸ்பீக்கர் வேண்டாம்.
- ப்ளூடூத்தை நம்ப வேண்டாம். பத்தில் ஒரு நொடிக்கு மேல் தாமதம் சாதாரணமா வரும், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். பிளேயரில் இருந்து ஒயர் போட்டுக் கொடுங்க.
- இரண்டு பிளேயரை ஒன்றாகத் தொடங்கினாலும் கடிகாரம் மெல்ல விலகும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தா ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி. அதனால ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரண்டையும் மறுபடி ஒன்றாகத் தொடங்குங்க.

அல்லது பறை, தவில் வாசிக்கத் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு, இடையில் நடக்க விடுங்க. தாமதம், பேட்டரி, ப்ளூடூத் எல்லாத் தொல்லையும் ஒரே அடியில் தீரும்.

2. உடை: எவ்வளவு வெளிச்சம் வேணும்?

எல்லாரும் முதலில் செய்வது, உடம்பு முழுக்க எல்இடி ஸ்ட்ரிப் சுத்துவது. 5 வோல்ட் வண்ண ஸ்ட்ரிப்பில் ஒரு எல்இடி முழு வெள்ளையில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். மீட்டருக்கு 60 எல்இடி, மொத்தம் 5 மீட்டர் என்றால் 300 எல்இடி. 300 × 0.06 = 18 ஆம்பியர், அதாவது 90 வாட். ஒரு சாதாரண பவர் பேங்க் 2, 3 ஆம்பியர்தான் தரும். ஸ்ட்ரிப்போட முனையில் வெள்ளை மங்கி மஞ்சளாகும், அப்புறம் அணையும்.

இப்போ 1973-க்குப் போவோம். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியல் அறிஞர் குன்னார் யோஹான்சன் ஒரு சோதனை பண்ணினார். ஆளின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வெளிச்சப் புள்ளிகள், மத்தபடி முழு இருட்டு. அசையாம நின்னா வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கினதும் பார்த்தவங்க உடனே "இது ஒரு மனுஷன்"னு கண்டுபிடிச்சாங்க. நம்ம மூளைக்கு மூட்டின் அசைவு போதும். அப்போ கணக்கு: தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால், இரண்டு பக்கமும் சேர்த்து 12 எல்இடி. 12 × 0.06 = 0.72 ஆம்பியர். சின்ன பவர் பேங்கே தாராளம். 300 விளக்கு சொல்லும் விஷயத்தை 12 விளக்கு இன்னும் தெளிவாச் சொல்லும். பனி மூட்டத்தில் அதிக வெளிச்சம் சிதறி வெறும் வெள்ளைப் புகையாத் தெரியும். அங்கேயும் புள்ளிகள்தான் ஜெயிக்கும்.

பேட்டரியே இல்லாத வழியும் நம்ம கிட்ட இருக்கு. தெருக்கூத்தைப் பாருங்க. விடிய விடிய நடக்கும் ஆட்டம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கனம் குறைந்த மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டியிருப்பாங்க. தீப்பந்தமோ காஸ் லைட்டோ ஒன்று இருந்தாப் போதும். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் இருப்பதால், கூத்தர் சுழன்று ஆடும்போது எங்கே உட்கார்ந்திருந்தாலும் ஏதோ ஒரு துண்டு உங்க கண்ணுக்கு ஒளியைத் திருப்பும். வண்டி நம்பர் பிளேட் மாதிரியான பிரதிபலிப்பு டேப்பில் இது நடக்காது. அது வெளிச்சம் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், விளக்குக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் மின்னும். கடையில் டேப் வாங்கும் முன் இதை ஞாபகம் வைங்க.

காலில் கட்டும் சலங்கையையும் மறக்காதீங்க. அது உடையும்தான், வாத்தியமும்தான். ஆடுபவர் தன் அடியைத் தானே கேட்பார், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பொய்க்கால் குதிரையில் கட்டைக்கால் தரையில் தட்டும் சத்தமும் அப்படித்தான், நையாண்டி மேளத்தோடு சேர்ந்துக்கும்.

3. உள்ளே இருப்பவர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில், அப்பர் குருபூஜைத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் இறந்தாங்க. குழந்தைகளும் அதில் உண்டு. அலங்காரம் உயரமாகும், இருட்டில் கம்பி தெரியாது, கூட்டம் தேரைத் தொட்டபடி நடக்கும். ராத்திரி ஊர்வலம் எதிலும் இந்த மூணும் இருக்கும், நம்ம கல்லூரி ரோட்டிலும்.

அதனால இவை கட்டாயம்:

- பகலில் முழுப் பாதையையும் நடந்து, ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் குறிச்சுக்கோங்க. அளக்கிறேன்னு கம்பு எதையும் மேலே நீட்டாதீங்க. மின்வாரியத்திடம் கேளுங்க. அலங்காரத்தின் உச்சியை அதுக்கேத்த மாதிரி குறைங்க.
- ஆள் மேல் 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் வேண்டாம். ஜெனரேட்டர் ஒயரை யார் உடம்பிலும் கட்டாதீங்க.
- பேட்டரிக்கு ஃப்யூஸ். வியர்வை உப்புத் தண்ணீர், ஷார்ட் பண்ணும். பேட்டரியைத் துணிப்பையில் போட்டு, உடைக்கு வெளியே, ஒரே இழுப்பில் கழற்றும்படி வைங்க.
- உள்ளே பருத்தித் துணி. முகமூடி போட்டவர் கூட வழிகாட்ட ஒரு ஆள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர்.
- வளையும் மூட்டுகளில் பல இழை ஒயர், கொஞ்சம் தளர்வா. ஒற்றைக் கம்பி பத்து அடியில் முறிஞ்சிடும்.

கடைசியா ஒன்று. கூத்தரையோ பறை வாசிப்பவரையோ கூப்பிட்டா, "ஸ்டேஜ் தர்றோம், சர்டிஃபிகேட் தர்றோம்"னு நிறுத்திக்காதீங்க. டிஜேவுக்குப் பட்ஜெட்டில் எழுதும் அதே பக்கத்தில் அவங்க சம்பளம், சாப்பாடு, திரும்பிப் போகும் வண்டிச் செலவு எழுதுங்க. மலையிலிருந்து வர்றவங்களுக்கு ராத்திரி பஸ் இருக்காது.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஊர்வல நீளம் 51 மீட்டர், ஸ்பீக்கர் முன்னால் மட்டும். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 100 அடி. கடைசி வரிசை எத்தனை பங்கு அடி பின்தங்கும்? ஸ்பீக்கரை நடுவில் வைத்தால்? ஆளுக்கு 12 எல்இடி, 40 பேர், பாதி வெளிச்சம், இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் எத்தனை வாட் மணி நேரம் வேணும்?

விடை வந்துட்டா உங்க டீமோட முதல் மீட்டிங்கை அதிலிருந்தே தொடங்கலாம். பாட்டு எதுங்கிற சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.