கொசுவர்த்தியும் பாச்சை உருண்டையும்

வீட்டில் கொசுவும் பூச்சியும் இல்லாதிருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பத்தின் விருப்பமாகும். அதற்காகக் கடைகளில் பலவகை இரசாயனப் பொருள்களை வாங்குகிறோம். பூச்சியைக் கொல்லும் பொருள் மனிதர்க்கும் ஓரளவு தீங்கு செய்யக்கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அத்தகைய பொருள்களுள் நாம் நன்கறிந்த இரண்டனைப் பற்றி இங்கே காண்போம்.

கொசுவர்த்திச் சுருள்

சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் என்னும் மலருக்குப் பூச்சிகளை அழிக்கும் தன்மை உண்டு. அம்மலரின் பொடியைக் கொண்டு 1890 ஆம் ஆண்டில் ஜப்பானியர் ஊதுவத்தி போன்ற கொசுவர்த்தியைச் செய்தனர். நீண்ட நேரம் எரிய வேண்டுமென்பதற்காகப் பின்னர் அதனைச் சுருளாக அமைத்தனர். இக்காலச் சுருள்களில் பெரும்பாலும் மலர்ப்பொடிக்குப் பதிலாகச் செயற்கை இரசாயனமே சேர்க்கப்படுகிறது. அதன் அளவு மிகச் சிறிது. எஞ்சிய பெரும்பகுதி மரத்தூள், சிரட்டைத்தூள், பசை முதலியனவாகும்.

இவை சுடர்விட்டு எரியாமல் கனன்று புகைவதால் நுண்ணிய துகள்களும் பார்மால்டிகைடு போன்ற நச்சு வாயுக்களும் வெளிப்படுகின்றன. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்த ஆய்வொன்று 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று அவ்வாய்வு கண்டது. சன்னல்களை அடைத்துவிட்டுச் சுருளைக் கொளுத்தி வைத்து உறங்கும் அறையில், குழந்தைகள் இரவு முழுவதும் இப்புகையையே சுவாசிக்கின்றனர். ஆஸ்துமா உள்ளவர்க்கு இது பெருந்துன்பம் தரும்.

பாச்சை உருண்டை

துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டைகளுள் பல நாப்தலீன் என்னும் பொருளால் ஆனவை. இது உருகாமலேயே ஆவியாகித் துணிகளில் படிகிறது. சிலருடைய இரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அத்தகையோர் நாப்தலீன் ஆவியை மிகுதியாகச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் சிதைந்து, இரத்தச் சோகையும் மஞ்சள் காமாலையும் உண்டாகும். பச்சிளங்குழந்தைகளுக்குக் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். இதனாலேயே நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் இரத்தத்தை எடுத்து இக்குறை உள்ளதா எனச் சோதிக்கின்றனர். அண்ணனோ அக்காளோ அணிந்த பழைய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைக்காமல் தம்பிப் பாப்பாவுக்கு அணிவிப்பது எவ்வளவு தீங்கானது என்பதை எண்ணிப் பாருங்கள். மேலும், இவ்வுருண்டைகள் வெண்ணிறமாக இருப்பதால் சிறு குழந்தைகள் மிட்டாய் என எண்ணி வாயிலிட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு.

கிள்ளான் கற்பித்த பாடம்

அப்படியாயின் கொசுவை எவ்வாறு ஒழிப்பது? இதற்கு விடையை நம் கிள்ளான் நகரின் வரலாற்றிலேயே காணலாம். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் இந்தியாவில் 1897 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1901 ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், நகரிலும் புதிய துறைமுகத்திலும் மக்கள் மலேரியாவால் மடிவதைக் கண்டார். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். புதர்க்காடுகளை அழிக்கச் செய்தார். சில ஆண்டுகளில் அங்கே மலேரியா பெரிதும் குறைந்தது. கொசு பிறக்கும் இடத்தை அழிப்பதே சிறந்த வழி என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மை அச்சுறுத்துவது டிங்கிக் காய்ச்சலாகும். 2019 ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 1,30,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. 182 பேர் உயிரிழந்தனர். இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பு நிலத்தைத் தேடிச் செல்வதில்லை. நம் வீட்டிலும் வீட்டைச் சுற்றிலும் தேங்கும் தெளிந்த நீரிலேயே அது முட்டையிடுகிறது. அது கடிப்பதும் பெரும்பாலும் காலையிலும் மாலையிலுமே. ஆகவே, இரவில் சுருளைக் கொளுத்திவிட்டு டிங்கியிலிருந்து தப்பினோம் என்று எண்ணுவது தவறு.

நாம் செய்ய வேண்டுவன

1. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆதலால் வாரந்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, பூந்தொட்டித் தட்டு, பூச்சாடி, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, வாளி, சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும்.

2. ஏடிஸ் முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே, பாத்திரங்களின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

3. சன்னல்களுக்குக் கம்பிவலை அடிக்கலாம். குழந்தைகளைப் பகலிலும் கொசுவலைக்குள் உறங்க வைக்கலாம்.

4. துணிகளை நன்கு துவைத்து, வெயிலில் உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வைத்தால் பாச்சை உருண்டை தேவைப்படாது.

5. கொசுவர்த்தியைக் கொளுத்தியே தீர வேண்டுமெனில், சன்னலைத் திறந்து, ஆட்கள் உறங்கும் இடத்திற்குத் தொலைவில் வைக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இவற்றுள் பல பணிகளுக்குப் பணம் வேண்டியதில்லை, முயற்சியே வேண்டும். இன்றே உங்கள் பெற்றோருடன் வீட்டைச் சுற்றி வாருங்கள். நீர் தேங்கும் இடங்களை எண்ணிக் குறித்து, வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள்.