உலைக்குள் ஐந்து நிமிடம்

மல்லேசுவரத்துக்கு அப்பால் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தை நம்மவர்கள் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றே சொல்வது வழக்கம். அங்கே உருவான ஒரு வேதியியல் முறையை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

அலுமினா என்பது அலுமினியத்தின் ஆக்சைடு. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் அதுதான். அதன் உறுதியான வடிவமான ஆல்பா அலுமினாவைப் பெற, வழக்கமான முறையில் 1,000 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் உலை எரிய வேண்டும். செலவும் கூடும், துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும்.

1988-இல் கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ்லியும் பேராசிரியர் கே.சி. பாட்டீலும் வேறு வழி காட்டினார்கள். அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் (வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான்) சிறிது நீரில் கரைத்து, 500 டிகிரி உலைக்குள் வைத்தார்கள். கரைசல் கொதித்தது, நுரைத்தது, தீப்பற்றியது. ஐந்து நிமிடத்துக்குள் பாத்திரம் நிறைய வெண்ணுரை போன்ற ஆல்பா அலுமினா!

500 டிகிரி உலையில் 1,000 டிகிரி வேலை எப்படி நடந்தது? உலை கொடுத்தது தொடக்கச் சூடு மட்டுமே. யூரியா எரிபொருள், அது எரிய ஆக்சிஜன் தருவது நைட்ரேட். மீதி வெப்பம் கலவைக்குள்ளேயே பிறக்கிறது. வெளியேறும் வாயுக்கள் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் துகள்கள் ஒட்டாமல் நுண்ணியதாக நிற்கின்றன.

எவ்வளவு யூரியா வேண்டும்? இங்குதான் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் இணைதிறன் உதவுகிறது. அலுமினியத்துக்கு +3, கார்பனுக்கு +4, ஹைட்ரஜனுக்கு +1, ஆக்சிஜனுக்கு −2. வாயுவாகப் பிரிந்துவிடும் நைட்ரஜனுக்கு 0.

நைட்ரேட்டில் அலுமினியம் 1, ஆக்சிஜன் 9: 3 − 18 = −15.
யூரியாவில் கார்பன் 1, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 1: 4 + 4 − 2 = +6.

இரண்டும் சேர்ந்து பூஜ்யமாக வேண்டும். 2 மோல் நைட்ரேட்டுக்கு −30. 5 மோல் யூரியாவுக்கு +30. கணக்கு நேராகிவிட்டது. கடையில் கிடைக்கும், நீர் சேர்ந்த நைட்ரேட் 20 கிராமுக்கு யூரியா 8 கிராம். கிடைப்பதோ சுமார் 2.7 கிராம் அலுமினா. மற்றதெல்லாம் நீராவியும் வாயுவும்தான். ராக்கெட் எரிபொருளுக்குப் போடும் கணக்கும் இதே வகைதான்.

பின்னர் பேராசிரியர் எம்.எஸ். ஹெக்டே குழுவினர் இதே எரிப்பு முறையில் சீரியம் ஆக்சைடுக்குள் பிளாட்டினம், பலேடியம் அயனிகளைச் சேர்த்தனர். வண்டிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை மாற்றும் வினையூக்கிகள் அவை. கரைசலிலேயே எல்லாம் சீராகக் கலந்துவிடுவதால், விலையுயர்ந்த உலோகம் சிறிதளவே போதும். புகையில் திணறும் நம் நகரத்துக்கு இது சிறிய செய்தி அல்ல.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். தீயும் நச்சு வாயுவும் உண்டு. ஆய்வுக்கூடத்தில், புகை வெளியேற்றும் பெட்டிக்குள் செய்ய வேண்டிய வேலை. ஆனால் கணக்கைத் தாராளமாகப் போடலாம். “இணைதிறன் எதற்கு?” என்று கேட்கும் பிள்ளையிடம் தாளையும் பென்சிலையும் கொடுங்கள். அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியம் நைட்ரேட் என்றால் எத்தனை யூரியா என்று கேளுங்கள். 3 மோலுக்கு 5 என்று விடை வந்தால், பாடம் புரிந்துவிட்டது.