கோவை இலையும் யூரிக் அமிலமும்: ஆய்வு சொல்வது என்ன?

நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வங்கிக்கு வருவது வழக்கம். சென்ற ஆண்டு, தாராவியில் வசிக்கும் எம் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் மகனின் தோளைப் பற்றியபடி மாதுங்கா கிளைக்கு வந்தார். அவருடைய வலக்காற் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. யூரிக் அமிலத்திற்கு மருத்துவர் தந்த மாத்திரையை இரண்டு மாதங்களாக நிறுத்திவிட்டுக் கோவை இலைச் சாறு அருந்துவதாகக் கூறினார். “ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க, சார்” என்றார். வணிகவியல் பட்டதாரியாகிய நான் அந்த ஆராய்ச்சியைத் தேடிப் படித்தேன். கணக்கைச் சரிபார்க்கும் முறையிலேயே அதையும் சரிபார்க்க முடிந்தது.

உணவிலும் நம் உயிரணுக்களிலும் உள்ள பியூரின் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதன் இறுதிப் படியை நடத்துவது சாந்தின் ஆக்சிடேஸ் என்னும் நொதி. உருவாகும் அமிலத்தின் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வரவு மிகுந்தோ செலவு குறைந்தோ போனால் இருப்பு ஏறும். இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியக்கூடும். அலோபியூரினால் என்னும் மாத்திரை அந்நொதியைத் தடுத்து வரவைக் குறைக்கிறது.

மூட்டுவலிக்கு மரபாகப் பயன்படும் ஆறு இந்திய மூலிகைகளைக் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொன்றிலும் மூன்று வகையாக 18 வடிசாறுகள் எடுக்கப்பட்டன. சோதனைக் குழாயில் 14 சாறுகள் நொதியைத் தடுத்தன. அவற்றுள் கோவை, நொச்சி, ஊமத்தை, எட்டி ஆகிய நான்கின் மெத்தனால் சாறுகள் சுண்டெலிகளுக்குக் கொடுக்கப்பட்டன. எலிகளிடம் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் நொதி உண்டு; மனிதருக்கு அது இல்லை. ஆகவே, பொட்டாசியம் ஆக்சோனேட் கொடுத்து அந்நொதியை முடக்கி, அமிலத்தைச் செயற்கையாக உயர்த்தினர்.

மருந்து பெறாத எலிகளின் அளவு 11.42 மில்லிகிராம். கோவைச் சாறு பெற்றவற்றில் 3.90; நொச்சி பெற்றவற்றில் 6.26, அலோபியூரினால் பெற்றவற்றில் 3.89. மருந்து பெறாத ஒரு பிரிவும் மாத்திரை பெற்ற ஒரு பிரிவும் இருந்ததால்தான் இவ்வெண்களுக்குப் பொருள் உண்டு. ஒப்பிட வேறு கணக்கு இல்லாத இருப்பை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

முடிவு நம்பிக்கை தருவதே. ஆயினும் மூன்று குறிப்புகளை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, சோதிக்கப்பட்டது மெத்தனாலில் பிரித்தெடுத்த செறிந்த சாறு. வீட்டில் அரைத்த சாறன்று. இரண்டாவது, சோதனைக் குழாயில் தேறிய நான்கில் எட்டியும் ஊமத்தையும் கொடிய நஞ்சு. நொதியைத் தடுப்பதாலேயே ஓர் இலை உண்ணத் தக்கதாகிவிடாது. மூன்றாவது, இது எலிகளில் கிடைத்த விடை. மனிதரில் சோதிப்பது வேறு பணி. இதே கோவையை நீரிழிவுக்காகப் பெங்களூரில் 60 பேரிடம் 90 நாள் சோதித்து 2008இல் வெளியிட்டனர். யார் எதை உண்கிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி அது நடத்தப்பட்டது. அதில் இரத்தச் சர்க்கரை குறைந்தது. எனவே நீரிழிவு மாத்திரை உண்போர் கோவை இலைச் சாற்றையும் சேர்த்து அருந்தினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும்.

மாதுங்கா சந்தையில் தோண்ட்லி என்று விற்கும் கோவைக்காயைப் பொரியலாக உண்பதில் தவறில்லை. இலைச் சாற்றை மருந்தாக அருந்த விரும்புவோர் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்டுவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். பரிசோதனை அறிக்கைகளைத் தேதி வாரியாகப் பாதுகாத்து வையுங்கள்.

அம்முதியவர் மறுநாளே மருத்துவரைக் கண்டார். மாத்திரை மீண்டும் தொடங்கியது. பிப்ரவரியில் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்ய வந்தபோது தனியே நடந்து வந்தார். இனிக் கால் வலிக்கும் நாளில் கிளைக்கு வர வேண்டியதில்லை. வாழ்நாள் சான்றிதழை வீட்டிலிருந்தே கைபேசியில் முகப் பதிவு மூலம் அளிக்கலாம் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தோம்.