பழைய ஐகானுக்கு எந்த ஏர் இன்டேக்?

மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999இல் வெளிவந்த ஃபோர்டு ஐகானை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வெளிநாட்டுக்காரர் சிரிக்கலாம். அதன் 1.6 ரோகாம் எஞ்சினை இரண்டாவது கியரில் மிதித்துப் பார்த்தவர் சிரிக்கமாட்டார். அதையோ, 106 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காலத்து ஹோண்டா சிட்டி விடெக்கையோ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவருக்கு முதலில் வரும் ஆசை ஏர் இன்டேக்கை மாற்றுவதுதான். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், செலவும் கைக்கு அடங்கும்.

கிடைப்பது என்ன? 1.6 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் காற்றை இழுக்கும். கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டி அந்தக் கணக்கில்தான் செய்யப்பட்டது. டர்போ இல்லாத இந்த வண்டிகளில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் கூடும் சக்தி காலுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். சத்தத்துக்காகவே செய்கிறேன் என்றால் அதுவும் ஒரு நியாயம்தான்.

ஆனால் அந்தச் சத்தத்தைத் தருகிற கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் திறந்து கிடக்கும். வெளியே 35 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடான காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறைவு. சக்தியும் அதற்கேற்பக் குறையும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். சிதம்பரம் தேர் வீதிகளில் ஊரும்போது, காசு கொடுத்து நஷ்டத்தை வாங்கியதாகவே அர்த்தம்.

சூட்டுக்கு மாற்று, குழாயைக் கீழே இறக்கி பம்பருக்குப் பின்னால் ஃபில்டரை வைக்கும் கோல்டு ஏர் இன்டேக். ஏட்டுக் கணக்கில், இருக்கிற நான்கு வழிகளில் சிறந்தது இதுதான். நம் கடலூர் மாவட்டத்தில் இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கடலூருக்குத் தென்பெண்ணையும் கெடிலமும், சிதம்பரத்துக்கு இரு பக்கமும் வெள்ளாறும் கொள்ளிடமும். 2015 வெள்ளமும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரைபுரண்டதும் யாருக்கும் மறந்திருக்காது. காற்றை பிஸ்டன் அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. முழங்கால் அளவு தண்ணீரில் ஃபில்டர் மூழ்கி எஞ்சின் தண்ணீர் குடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதற்குத் தனி இன்சூரன்ஸ் சேர்க்கை உண்டு, ஆனால் இவ்வளவு பழைய வண்டிக்கு அது கிடைப்பது அரிது. ஃபில்டர் மூழ்கினால் மேலிருந்து காற்றை விடும் பைபாஸ் வால்வு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். உப்புக் காற்றில் கிடக்கும் இன்னொரு இணைப்பை நம்பி நான் வெள்ளத்தில் இறங்கமாட்டேன்.

மீதி இரண்டும் கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே உட்காருபவை: காகித ஃபில்டர், அல்லது கழுவிப் பயன்படுத்தும் எண்ணெய் பூசிய பருத்தி டிராப்-இன். பருத்தியில் காற்று எளிதாகப் போகும். பொடித் தூசியைப் பிடிப்பதில் நல்ல காகிதம்தான் பொதுவாக ஒரு படி மேல். நெய்வேலிப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிறவரும், அறுவடைக் காலத்தில் காட்டுமன்னார்கோவில் சாலையில் வைக்கோல் தூசிக்குள் ஓட்டுகிறவரும் காகிதத்தோடு நிற்கட்டும், அடிக்கடி மாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்குப் பருத்தி போதும். கழுவியதை நிழலில் முழுதாக உலர்த்திய பிறகே எண்ணெய் பூச வேண்டும். ஐப்பசி மழையில் அதற்கு அவசரப்படக் கூடாது. எண்ணெய் மிஞ்சினால், காற்றோட்ட சென்சார் உள்ள வண்டிகளில் அதன் கம்பியில் படிந்து அளவீடு கெடும். பழைய சிட்டி விடெக்கில் இருப்பது அழுத்தத்தை அளக்கும் சென்சார் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

எதை வாங்குவதற்கு முன்னாலும் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். இருபது வருடச் சூட்டில் மடிப்புகளில் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். வெடிப்பு இருந்தால் எந்த ஃபில்டர் போட்டாலும் தூசி அதைச் சுற்றிக்கொண்டு நேராக சிலிண்டருக்குப் போகும். முதல் செலவு அந்தக் குழாய்க்கும், துருப்பிடிக்காத இரண்டு ஸ்டீல் கிளாம்புகளுக்கும்.