மருந்து தெளிக்கும் பம்பைத் தேர்ந்தெடுக்கும் விதம்

காவிரிப் பாசனப் பகுதியில் நெல்லுக்குக் குலைநோயோ புகையானோ கண்டால் மருந்து தெளிக்கிறோம். திருவையாறு, கும்பகோணம் வட்டாரங்களில் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் மருந்து செல்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்று விசாரிக்கும் விவசாயிகள் பலர். அம்மருந்தை எத்தகைய பம்பில் ஊற்றுவது என்று விசாரிப்போர் மிகச் சிலரே.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், தெளித்துக்கொண்டிருந்த கூலியாள் ஒருவரின் சட்டை முதுகுப்புறம் முழுதும் நனைந்திருக்கக் கண்டேன். வியர்வை என்றார். அருகில் சென்றதும் மருந்தின் நெடி வீசிற்று. பம்பின் அடியிலுள்ள குழாய்மூட்டு காலை முதல் கசிந்துகொண்டிருந்தது. உடனே சட்டையைக் கழற்றச் செய்து, சோப்பிட்டுக் குளிப்பித்து, மருந்துச் சீட்டுடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்தார். அம்மூட்டில் நைந்துபோயிருந்த வாஷரின் விலை சில ரூபாய்தான். 2017-ஆம் வருஷம் மஹாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களுள் இருபது பேரளவில் மாண்டதும், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அனைவரும் அறிந்ததே. ஆகையால் பம்பைத் தேர்ந்தெடுத்தல் அற்ப விஷயமன்று.

1. மருந்தும் பாத்திரமும்

பம்பு எதனாற் செய்யப்படவேண்டும் என்பதை நிர்ணயிப்பது அதனுள் ஊற்றும் திரவமே. இதற்குப் போர்டோ கலவை நல்ல உதாரணம். பிரான்ஸ் தேசத்துப் போர்டோ திராட்சைத் தோட்டங்களின் நோய்க்கு மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-இல் வெளியிட்ட இக்கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. ஒரு சதவிகிதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, நீற்றாத நல்ல சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மயில்துத்தக் கரைசலை இரும்பு வாளியில் வைத்தால், இரும்பு கரைய, அதன்மேல் செம்பு படியும். வாளியும் கெடும், மருந்தும் வலிமை குன்றும். துத்தநாகம் பூசிய தகரத்திற்கும் இதே கதிதான். ஆகவே மண், மரம், செம்பு அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்திலேயே கரைக்க வேண்டும். சுண்ணாம்புப் பாலில் துத்தக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. துலக்கிய கத்தியைக் கலவையில் ஒரு நிமிஷம் வைத்தெடுக்க, செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள்.

பம்புக்கும் இவ்விதியே. பித்தளையும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் இக்கலவையைத் தாங்கும். ஆனால் பிளாஸ்டிக் பம்பு என்று நம்பி வாங்கியதனுள், வால்வின் சுருள்வில்லும் குண்டும் சாதாரண இரும்பாயிருக்கக்கூடும். அவை துருப்பிடியா எஃகா என்று பிரித்துப் பார்த்தே வாங்குக.

2. வாஷர்

எண்ணெய்ப் பசையுள்ள கரைப்பானில் செய்த மருந்துகள் சாதாரண ரப்பரை ஊறிப் பருக்கச் செய்யும். பருத்த வாஷர் முதலில் இறுகும், பின் கிழியும், கிழிந்தபின் மருந்து முதுகில் வழியும். ஆகையால் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல், விட்டான் முதலிய செயற்கை ரப்பர் வாஷர்களைக் கேட்டு வாங்கி, ஒரு ஜோடி கையிருப்பிலும் வைத்திருத்தல் நலம்.

3. இயங்கும் முறை

உந்துதண்டுப் பம்பு அதிக அழுத்தம் தரும். ஆனால் சுண்ணாம்பு மணலும் தூள் மருந்தும் தண்டையும் வாஷரையும் தேய்த்துவிடும். சவ்வு அசைந்து இயங்கும் பம்பில் உராயும் வாஷர் இல்லாததால் தேய்வும் கசிவும் குறைவு. கலங்கிய கலவைகளுக்கு இதுவே ஏற்றது. எதுவாயினும் கலவையைத் துணியில் வடிகட்டியே ஊற்றுக. பெரிய ஆலைகளிலும் நியாயம் இதுவே. தவிட்டெண்ணெய் பிரிக்கும் ஆலைகளில் உபயோகமாகும் ஹெக்ஸேன் எளிதில் தீப்பற்றுவது. அதன் ஆவி காற்றினும் கனமானதால் தரையோடு தவழ்ந்து பரவும். அங்கே பம்பின் ஒரு கசிவு ஆலை முழுவதற்கும் ஆபத்தாகும்.

4. வாங்குமுன் சோதனை

16 லிட்டர் பம்பு நிறைந்தால் மருந்து மட்டுமே 16 கிலோ கனக்கும் என்பதைச் சுமப்பவரின் வலிமையோடு ஒப்பிடுக. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா எனப் பார்க்க. பின்னர் வெறுந்தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, விசையை மூடி, உலர்ந்த சாக்கின்மேல் பத்து நிமிஷம் வைக்க, சாக்கு நனையலாகாது. அதன்பின் பம்பைச் சுமந்து, வயலில் குனிவதுபோல் குனிந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் ஒழுகாத மூடி, குனிந்தால் பிடரியில் ஒழுகுவதுண்டு.

5. உபயோகிக்கையில்

களைக்கொல்லிக்குத் தனிப் பம்பு வைக்க. நெல் வயலில் 2,4-டி தெளித்த பம்பின் எச்சம் கொடிக்காலையும் பருத்தியையும் கருக்கிவிடும். சீட்டிலுள்ள முக்கோணத்தின் நிறத்தைக் கவனிக்க: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று முறையே குறையும். தெளிமுனை அடைத்தால் ஒருபோதும் வாயால் ஊதலாகாது. தண்ணீரும் மெல்லிய ஈர்க்கும் போதும். காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது. வேலை முடிந்ததும் பம்பை மும்முறை அலசி, அந்நீரை அதே பயிரின்மேல் தெளித்துவிடுக. வாய்க்காலில் கழுவினால் மீன் சாகும். கீழ்மடையில் மாடு குடிக்கும் நீரும் அதுவே.

சுருங்கச் சொன்னால், திரவத்தை அறிந்து பம்பையும், பம்பை அறிந்து வாஷரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பா நடவுக்குமுன் ஒவ்வொருவரும் தம் பம்பை வெறுந்தண்ணீர் நிரப்பிச் சோதித்துவிடுவாராக. சந்தேகமுள்ளவர்கள் பம்பையே எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு வரலாம். பம்பைச் சுமப்பவர் பெரும்பாலும் அதை வாங்கியவரல்லர்; ஆகையால் வாங்குபவரின் கவனமே சுமப்பவருக்குக் காப்பு.