எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை

வீட்டில் ஒருவர் காலையில் எழுந்த சற்று நேரத்தில் தலை வலிக்கிறது என்று மறுபடியும் படுத்துவிடுகிறார். படுத்தால் வலி குறைகிறது. எழுந்தால் திரும்ப வருகிறது. வேலைக்குப் பயந்து நடிப்பதாக நாம் பேசிவிடுகிறோம். அவர் மருமகளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் இப்படிப்பட்ட தலைவலிக்கு முதுகெலும்புக்குள் காரணம் இருக்கலாம்.

நம் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. தினமும் ஏறத்தாழ 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. பழையது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. மூளை இந்த நீரில் மிதக்கிறது. முதுகில் இந்நீரைத் தாங்கும் உறை கிழிந்து கசிந்தால், நிற்கும்போது மூளை சற்றுக் கீழிறங்கும், வலி வரும். கழுத்து வலி, குமட்டல், காது அடைப்பும் சேரலாம். சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டபின் சிலருக்கு வரும் தலைவலியும் இவ்வகைதான். அங்கே காரணம் தெரிந்ததே. பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. தானாக வரும் கசிவுதான் ஒற்றைத் தலைவலி, சைனஸ் என்று பல மாதம் இழுத்துவிடுகிறது.

இதைக் கண்டறிய முதுகில் ஊசி குத்தி, சாயமருந்து செலுத்தி சி.டி. எடுக்கும் முறை உண்டு. கசியும் உறையில் இன்னொரு துளை போடுவதென்றால் யாருக்கும் தயக்கம்தான். அதனால் இன்று முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. தலைக்கு எடுக்கும்போது கை நரம்பில் மட்டும் ஒரு மருந்து ஏற்றுவார்கள். கசிவு இருந்தால் மூளையின் உறை பளிச்சென்று தெரியும், மூளை தாழ்ந்திருப்பதும் தெரியலாம். முதுகுக்கு எடுக்கும் ஒரு வகைப் படத்தில் நீர் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அதற்குச் சாயமருந்தே வேண்டாம். உறைக்கு வெளியே நீர் தேங்கியிருந்தால் காட்டிவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்தாலும் கசிவு இல்லை என்று முடிவாகிவிடாது. நீர் நேராக இரத்தக் குழாயில் வடியும் வகை உண்டு. அது முதுகுப் படத்தில் பிடிபடாமல் போகும். துளை எங்கே என்று துல்லியமாகப் பார்க்கவும் ஊசிப் பரிசோதனை தேவைப்படலாம். ஆகவே "ஸ்கேனில் ஒன்றுமில்லையே" என்று நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

ஸ்கேன் அறைக்குள் நகை, தாயத்து, ஹிஜாப் ஊக்கு எதுவும் கூடாது. பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிலருக்கு ஓய்விலேயே கசிவு அடைந்துவிடும். அடையாவிட்டால் நோயாளியின் சொந்த இரத்தத்தையே எடுத்து முதுகில் உறைக்கு வெளியே செலுத்தி அடைப்பார்கள். சஜ்தாவில் மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டுவது மண்டையோட்டின் அடியில் ஏற்படும் வேறு கசிவாக இருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது வெறுமனே "தலைவலி" என்று சொல்லாதீர்கள். எழுந்து எத்தனை நிமிடத்தில் வருகிறது, படுத்து எத்தனை நிமிடத்தில் குறைகிறது என்று நாலு நாள் எழுதிக்கொண்டு போங்கள். காய்ச்சலோ, திடீரென்று தாங்க முடியாத வலியோ இருந்தால் நாலு நாள் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.